முப்பத்தேழாவது வளைவு: மகளுக்கு ஒரு திருத்தம்

கண்ணு,

மருத்துவப் படிப்புக்கான இரண்டாம் சுற்றுக் கலந்தாய்வில் பங்கேற்பவர்கள், தங்களுக்கு வேண்டிய கல்லூரிகளின் பட்டியலை வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் பதிந்து பூட்டிவிட வேண்டும். முதல் சுற்றில் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டவர்களும் வேறு கல்லூரி கேட்கலாம். கேட்டது கிடைத்துவிட்டால், இப்போது இருக்கும் இடம் அந்த நிமிடமே அடுத்தவருக்குப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. இது கலந்தாய்வுக் குழு நேற்று மாலை தன் இணையதளத்தில் வெளியிட்ட அறிவிப்பு. சேந்தமங்கலம் ஜெராக்ஸ் கடை பாய் அதை இரண்டு பிரதி அச்செடுத்து, இன்று காலை மலையேறும் முதல் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறார். ஒரு பிரதி என் கையில் இருக்கிறது. இன்னொன்றின் மேல் உன் அம்மா மிளகு காயப் போட்டிருக்கிறாள்.

இந்த வாரம் ஊருக்கு வராததால் போன ஞாயிற்றுக்கிழமை நீ ஹாஸ்டலிலிருந்து பேசியபோது நான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். நம் வீட்டில் போனுக்கு உயிர் வரும் ஒரே இடம் அதுதான் என்பது உனக்குத் தெரியும். கல்லூரியில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது, இரண்டாம் சுற்று வரப்போகிறது, சென்னையில் இருக்கும் அந்தப் பழைய, பெரிய கல்லூரியைக் கேட்டுப் பார்க்கலாமா என்றேன். உன் தரவரிசைக்கு அது கிடைத்தாலும் கிடைக்கும் என்று பாய் சொல்லியிருந்தார். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மெட்ராஸ் ஆபீசுல உங்களைக் கூப்பிட்டும் நீங்க போகலையேப்பா. நான் மட்டும் எதுக்குப் போவோணும்?" என்றாய். நான் உடனே சிக்னல் போய்விட்டதுபோல் இரண்டு முறை ஹலோ, ஹலோ என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் போகவில்லை. நான்கு கோடுகள் இருந்தன. இந்தக் கடிதத்தில் வரும் முதல் திருத்தம் இது. இரண்டாவது இதைவிடப் பெரியது.

அதற்குள் போவதற்கு முன் நான் ஏன் எதையும் இரண்டு பேரிடம் கேட்கிறவனாக ஆனேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் நிருபராகச் சேர்ந்த மூன்றாவது மாதம், மலைப்பாதையில் பஸ் கவிழ்ந்துவிட்டது என்று காளப்பநாயக்கன்பட்டியில் ஒருவர் ஓடிவந்து சொன்னார். அவர் மூச்சு வாங்கிய விதத்தில் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. கண்டக்டர் உட்பட நான்கு பேர் பலி என்று செய்தி அனுப்பினேன். பஸ் டயர் பஞ்சராகி ஓரமாகச் சாய்ந்து நின்றிருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மறுநாள் காலை அதே பஸ்ஸில் ஏறினேன். நான் சாகடித்த கண்டக்டர் என் முன்னால் வந்து நின்று, "நேத்தைக்கு நான் செத்துட்டேனுங்க. இன்னைக்கு டிக்கெட் எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து ஒரு செய்திக்கு இரண்டு வாய் என்பது என் வழக்கம். இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டுவந்து சேர்க்கப்போவதும் அந்தக் கண்டக்டர்தான். அவருக்கு இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

இந்த வழக்கத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு காரியம் கெட்டது. போனை வைத்துவிட்டு வந்தவன், உன் கேள்விக்குப் பதில் சொல்லத் தைரியம் இல்லாமல், சாமியிடம் பூ கேட்கலாம் என்றேன். உன் அம்மா உடனே கிளம்பிவிட்டாள். நம் ஊர் மாரியம்மன் கோயிலில் பூசாரி சிலையின் தலையில் ஈரப்பூவை வைத்தார். வலது பக்கம் விழுந்தால் நீ சென்னைக்குக் கேட்கலாம், இடது பக்கம் விழுந்தால் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். கற்பூரம் அணைவதற்குள் பூ வலது பக்கம் விழுந்தது. உன் அம்மா கும்பிட்டு எழுந்தாள். நான் எழவில்லை. ஒரே ஒரு இடத்தில் கேட்டதை வைத்து எப்படி முடிவு செய்வது என்றேன். பூசாரி என்னைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். உன் அம்மாதான், "சாமியவே சந்தேகப்பட்டா, சாமி யாருகிட்டப் போயி முறையிடும்?" என்றாள்.

உறுதிப்படுத்திக்கொள்ள அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போனோம். அங்கே பூ இடது பக்கம் விழுந்தது. இப்போது இரண்டு தரப்பும் முரண்பட்டுவிட்டதால் மூன்றாவதாக ஒருவரிடம் கேட்டே ஆக வேண்டிய நிலை. ஆலத்தூர் நாட்டுப் பகுதியில் மேட்டுமேல் இருக்கும் பெரியசாமி கோயிலுக்கு ஏறினோம். அங்கே வைத்த பூ எந்தப் பக்கமும் விழவில்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பூசாரி காலையிலிருந்து விரதம். அவருக்குப் பசி காதை அடைத்தது. கடைசியில் அவர், "சாமி யோசிக்குதுங்க. நீங்க ஊட்டுக்குப் போங்க, விழுந்தா சொல்லியனுப்பறேன்" என்றார். நான் குறிப்பேட்டில் மூன்றாம் தரப்பு கருத்துக் கூற மறுத்துவிட்டது என்று எழுதிக்கொண்டேன். உன் அம்மா என்னை விட்டுவிட்டு முன்னாலேயே இறங்கிப் போனாள்.

மறுநாள் திங்கட்கிழமை, அறிவிப்பு வந்துவிட்டதா என்று கேட்கச் சேந்தமங்கலம் இறங்கினேன். அதுவரை வரவில்லை. பாயிடம் மூன்று சாமிகள் சொன்னதையும் விவரமாகச் சொன்னேன். அவர் யாரோ ஒருவருடைய பட்டாவை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே கேட்டார். மூணு பேரையும் கேட்டீங்க, படிக்கப்போற புள்ள என்ன சொல்லுச்சு என்றார். நீ சொன்னதைச் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "ஏனுங்க ரிப்போர்ட்டரே, உங்களை எப்பங்க கூப்பிட்டாங்க? அந்த பேக்ஸை அனுப்புனவனே நான்தானுங்களே" என்றார். கடையில் நான்கு பேர் இருந்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் ஒரு பஸ் கவிழ்ந்தால் தேவலை என்று இருந்தது.

இதுதான் இரண்டாவது திருத்தம். என் பத்திரிகையின் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டும் நான் மறுத்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய்.

அந்தப் பொய் பிறந்த இடம் உனக்கும் நினைவிருக்கும். நீ நான்காம் வகுப்பு. என் அப்பா என்று ஒரு பக்கக் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். நான் மிளகுக்கொடி ஏறிய சவுக்கு மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். நீ கீழே பரீட்சை அட்டைமேல் நோட்டை வைத்துக்கொண்டு, "ஏம்ப்பா, நீங்க ஏன் மெட்ராஸ் ஆபீசுல வேலை செய்யல?" என்று கேட்டாய். ஏணிமேல் நிற்கிறவனுக்குக் கீழே நிற்கும் மகளிடம் உண்மை சொல்வது கஷ்டம். கூப்பிட்டாங்க கண்ணு, நான்தான் இந்த மலையை விட்டுப் போகல என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு படி மேலே ஏறிக்கொண்டேன். நீ அதை அப்படியே எழுதினாய். தலைமை ஆசிரியர் அதை ஆண்டு விழாவில் உன்னையே வாசிக்கச் சொன்னார். உனக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு கிடைத்தது. கைதட்டலுக்கு நடுவில் எழுந்து, மன்னிக்கவும், இதில் ஒரு தகவல் பிழை இருக்கிறது என்று எந்த அப்பன் சொல்வான்? அடுத்த வருஷம் என்னையே சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். நானே என் வாயால் சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள்.

அதன் பிறகு அது என் கையில் இல்லை. உன் மாமா சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் விற்றுக்கொண்டே அதை வளர்த்தார். அவர் கணக்கில் பத்திரிகையின் ஆசிரியரே காரில் நேரில் கிளம்பி வந்துவிட்டார். எழுபது கொண்டை ஊசி வளைவில் முப்பத்தேழாவது வளைவில் வாந்தி எடுத்து, இனி ஒரு வளைவுகூட முடியாது என்று வண்டியைத் திருப்பிப் போய்விட்டார். அது ஏன் முப்பத்தேழு என்று ஒருநாள் தனியாகக் கேட்டேன். "முப்பத்தஞ்சுன்னா சும்மா சொல்ற மாதிரி இருக்குங்க மச்சான். முப்பத்தேழுன்னா நம்புவாங்க" என்றார். நிருபராக எனக்கு இத்தனை வருஷத்தில் யாரும் இவ்வளவு நல்ல பாடம் சொல்லித் தந்ததில்லை. போன வருஷம் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் முப்பத்தேழாவது வளைவில் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்ததை நானே பஸ்ஸிலிருந்து பார்த்தேன். மறுப்புச் சொல்லவில்லை. அந்த இடத்தில் எந்த ஆசிரியரும் வாந்தி எடுக்கவில்லை என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். உன் அம்மாவைக் கட்டுவதற்கு முந்தைய வருஷம், என்னைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றித் தரும்படி மூன்று பக்கத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். பாய் அப்போது அதே இடத்தில் எஸ்டிடி பூத் வைத்திருந்தார். என் செய்திகள் எல்லாம் அவருடைய பேக்ஸ் மெஷின் வழியாகத்தான் போகும். அந்த மூன்று பக்கத்தையும் அவரே ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். பதில் அன்று மாலையே வந்தது. நானும் பாயும் தாள் மெதுவாக வெளியே வருவதைத் தலையை ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்றைய மழையளவு வரவில்லை, உடனே அனுப்பவும் என்று இருந்தது. மழையளவை அனுப்பினேன். மாதம் ஒன்றாக இன்னும் இரண்டு முறை விண்ணப்பம் அனுப்பினேன். அவற்றுக்கு மழையளவைக்கூடக் கேட்கவில்லை.

நான் போக ஆசைப்பட்டேன் கண்ணு. மலையை விட்டுப் போக மனம் வரவில்லை என்பதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது. பதில் வருவதற்கு முன்பே நாமக்கல் போய் ஒரு பெட்டி வாங்கி வந்துவிட்டேன். பச்சை நிறம், இரண்டு பூட்டு. நீ ஹாஸ்டலுக்குத் துணிமணி எடுத்துப் போனாயே, அதே பெட்டி. இத்தனை வருஷமாகியும் ஒரு கீறல்கூட இல்லையே என்று உன் அறைத் தோழி கேட்டதாகச் சொன்னாய். கீறல் விழுவதற்கு அது எங்கேயும் போனதில்லை. கல்யாணமாகி வந்ததும் உன் அம்மா அதில் விதைச் சாமை கொட்டி வைத்தாள். எலி புகாத பெட்டி என்று ஊருக்குள் அதற்கு ஒரு பெயர் இருந்தது.

இன்று காலை மிளகு பரப்பிக்கொண்டிருந்த உன் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேற்றிரவே சொல்லியிருக்கலாம். ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையை நிறுத்தவே இல்லை. "தெரியுமுங்க" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "முதல் வருசம் சாமை கொட்டறப்பவே பார்த்தேன். பொட்டி மூடிக்குள்ள இருக்கற துணிப்பையில மூணு தாளு இருந்துச்சு." அப்படியானால் இத்தனை காலம் ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்க சொல்றப்ப கேக்கறதுக்கு நல்லாத்தான இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, வெயில் வருது, கொஞ்சம் நகருங்க என்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து என் வீட்டிலேயே ஒரு நேரில் கண்ட சாட்சி இருந்திருக்கிறாள். நான் பேட்டி எடுக்கவில்லை.

அந்தத் தாள்களை அவள் எடுக்கவில்லையாம். இருந்தால், உன் பெட்டி மூடியின் துணிப்பைக்குள் இன்னும் இருக்கும். திறந்து பார்த்துக்கொள். மூன்றாவது பக்கத்தில் எனக்கு ஆங்கிலமும் வரும் என்று எழுதியிருப்பேன். அதையும் ஒரு திருத்தமாக எடுத்துக்கொள்.

இனி கல்லூரி பற்றிச் சேகரித்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை திரும்பி வரும்போது செம்மேட்டில் இறங்கி, நம் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் அந்தப் பெரிய கல்லூரியில் படித்தவர். அங்கே வராத நோய் இல்லை, பெரிய பெரிய டாக்டர்கள் பாடம் எடுப்பார்கள், ஆனால் கூட்டத்தில் பாதி நாள் நோயாளிக்குப் பதிலாக முன்னால் நிற்கும் சீனியர்களின் முதுகைத்தான் பார்த்தேன் என்றார். உன்னுடையதைப்போன்ற கல்லூரியில் கூட்டம் குறைவு, சீக்கிரமே கையில் வேலை வரும் என்றார். பட்டம் இரண்டுக்கும் ஒன்றுதானாம். இந்த மலைமேல் அவரை எந்த நோயாளியும் எங்கே படித்தீர்கள் என்று கேட்டதில்லை; ஊசி வலிக்குமா என்றுதான் கேட்கிறார்கள். சரி, மறுபடியும் முதலிலிருந்து என்றால் எதைக் கேட்பீர்கள் என்றேன். "அங்கதாங்க சார் போவேன்" என்று சட்டென்று சொன்னார். ஏன் என்றேன். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "அந்த முதுகுங்க எல்லாம் நல்ல முதுகுங்க" என்றார். இதிலிருந்து எனக்கு ஒரு முடிவும் கிடைக்கவில்லை. உனக்குக் கிடைக்கலாம் என்பதால் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத, நம் வீட்டு அடுப்படி வட்டாரம் ஒன்று இன்னொரு தகவலையும் தந்திருக்கிறது. இங்கே வகுப்பில் நடுவில் இருக்கிறேன், அங்கே போனால் கடைசியில் நிற்பேனோ என்று நீ பயந்தாயாம். என்னிடம் நீ அதைச் சொல்லவில்லை. என் கதை கைக்கு வசதியாகக் கிடைத்ததால் அதைச் சொல்லிவிட்டாய். அந்தப் பயம் நியாயமா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எனக்கும் அதே பயம் இருந்தது. பேக்ஸ் அனுப்பிய நாட்களில், அங்கே போனால் என் தமிழைக் கேட்டே சிரிப்பார்களோ என்று பாயின் கடைக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்திருக்கிறேன். சிரித்திருப்பார்களா என்பது இன்றுவரை எனக்கு உறுதியாகவில்லை. அங்கே போயிருந்தால்தான் தெரிந்திருக்கும். பயத்தால் நீ இருக்கிற இடத்திலேயே இருக்கலாம், அதில் தப்பில்லை. அப்பா இருந்தார் அதனால் இருக்கிறேன் என்று மட்டும் இருக்காதே. அப்பா விரும்பி இருக்கவில்லை. அப்பாவைக் கூப்பிடவில்லை.

இதில் எனக்குச் சொந்த ஆசை ஒன்று உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நீ இப்போது படிக்கும் இடத்திலிருந்து சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வந்துவிடுகிறாய். ஆறு மணி பஸ்ஸுக்கு நான் நான்கரைக்கே போய் நிற்கிறேன். செய்தி சேகரிக்க வந்தேன் என்று டீக்கடையில் சொல்கிறேன். அந்த நிறுத்தத்தில் செய்தி எதுவும் இல்லை என்பது டீக்கடைக்காரருக்குத் தெரியும். சென்னை என்றால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். ஆகையால் என் யோசனை எதுவாக இருந்தாலும் அதை நம்பாதே. அதனால்தான் சொல்லாமல் விடுகிறேன். நீ இருந்தாலும் சந்தோஷம், போனாலும் சந்தோஷம் என்று எழுத நினைத்தேன். உண்மை என்னவென்றால், இருந்தால் சந்தோஷம். போனால் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவேன், சனிக்கிழமைகளில் மட்டும் என்ன செய்வேன் என்று தெரியாது.

திருத்தம் என்றால் தவறு வந்த இடத்திலேயே, அதே அளவு எழுத்தில் வர வேண்டும் என்பது எங்கள் தொழிலில் சொல்வது. நான் தவறு செய்தது ஊர் நடுவில். அதனால் இந்தக் கவரை ஒட்டாமல்தான் கொடுத்துவிடுகிறேன். கண்டக்டர் வழியில் படித்தாலும் படிக்கட்டும். முன் சீட்டில் இருப்பவர்களுக்கு உரக்க வாசித்தாலும் சரி, முப்பத்தேழாவது வளைவில் வாசித்தால் இன்னும் பொருத்தம். உன் மாமாவுக்கு மட்டும் நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன். அவருக்கு இது பெரிய இழப்பு.

நிலுவையில் இருப்பவை: பெரியசாமி கோயில் பூ இன்று காலை வரை விழவில்லை, வாடிவிட்டது என்று பூசாரி சொல்லியனுப்பியிருக்கிறார். அவர் சாப்பிட்டுவிட்டார். நீ கேட்டால், இரண்டாம் சுற்று முடிவு அடுத்த திங்கட்கிழமை வரும் என்று அறிவிப்பில் இருக்கிறது. கேட்பதா வேண்டாமா என்பதை வியாழன் மாலை ஐந்து மணிக்குள் நீ முடிவு செய்ய வேண்டும். முடிவு வந்தால் அச்செடுக்க, பாயிடம் எதற்கும் மெஷினைத் தயாராக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். நான் நான்கு மணியிலிருந்து பாறைமேல் இருப்பேன். சிக்னல் இருக்கும், இந்த முறை போகாது. கேட்டுவிட்டேன் என்றோ, கேட்கவில்லை என்றோ ஒரு வரி சொன்னால் போதும். இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள மாட்டேன்.

உன் அப்பா